கணினிக் கேள்வி பதில்: ஐ5 வாங்குவதா, ரைசன் 5 வாங்குவதா?

சென்ற இதழுக்குப் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே விடயத்தைப் பற்றியே இருந்தன. கடையில் இரண்டு மடிக்கணினிகள் இருக்கின்றன, விலை ஏறத்தாழ ஒன்று, உள்ளே இருக்கும் புரொசெசர் மட்டும் வேறு, எதை வாங்குவது? ஆகையால் இம்முறை பத்தி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கணினியின் கணக்குகளை எல்லாம் செய்யும் சில்லுத்தான் புரொசெசர். அதற்குச் ‘செயலி’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் அதே சொல்லைக் கைபேசியில் நிறுவும் மென்பொருளுக்கும் இப்போது சொல்லிவிடுகிறார்கள் என்பதால், குழப்பம் வராதிருக்கப் புரொசெசர் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: நான் கொட்டகலையில் ஆசிரியையாக இருக்கிறேன். மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். ஹட்டனில் ஒரு கடையில் இரண்டு மடிக்கணினிகளைக் காட்டினார்கள். ஒன்றில் இன்டெல் ஐ5-1235யூ, மற்றதில் ஏஎம்டி ரைசன் 5 7530யூ. இரண்டிலும் 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இன்டெல்லில் பத்து கோர் இருக்கிறது, மற்றதில் ஆறுதான் என்று கடைக்காரத் தம்பி சொன்னார். கொழும்பில் வேலை செய்யும் என் அண்ணன் மகனோ, இணையத்தில் ஒரு மதிப்பெண் பட்டியலைக் காட்டி, ரைசன்தான் வேகம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஆசிரியை, கொட்டகலை

பதில்: டீச்சர், இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் சொன்னது பாதிதான்.

முதலில் கடைக்காரத் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். கோர் என்பது புரொசெசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. ஐ5-1235யூவில் பத்து கோர்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை பத்தும் ஒரே வகையானவை அல்ல. அவற்றுள் இரண்டுதான் முழு வலுவுள்ள பெரிய கோர்கள். மீதி எட்டும் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதற்கென்று வடிவமைக்கப்பட்ட சிறிய கோர்கள். பெரிய கோர் ஒன்று ஒரே நேரத்தில் இரண்டு வேலைத் தொடர்களைக் கவனிக்கும். சிறிய கோர் ஒன்றைத்தான் கவனிக்கும். இந்த வேலைத் தொடரைத் ‘திரெட்’ என்பார்கள். இரண்டு பெரியவை நான்கு, எட்டுச் சிறியவை எட்டு, ஆக மொத்தம் பன்னிரண்டு திரெட். ரைசன் 5 7530யூவில் இருக்கும் ஆறு கோர்களும் ஒரே வகையான பெரிய கோர்கள். ஒவ்வொன்றும் இரண்டு திரெட்டைக் கவனிக்கும் என்பதால் அங்கும் மொத்தம் பன்னிரண்டுதான் வருகிறது. எனவே, பத்தா ஆறா என்று எண்ணிப் பார்ப்பதால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

அடுத்து விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் கிகாஹேர்ட்ஸ். இன்டெல்லின் பெரிய கோர் 4.4 கிகாஹேர்ட்ஸ் வரையும் சிறிய கோர் 3.3 வரையும் போகும், ரைசன் 4.5 வரை போகும். இதை வைத்து ரைசன் முந்துகிறது என்று சொல்வீர்களானால் அதுவும் தவறாகிவிடும். கிகாஹேர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை துடிப்பு என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்வதில்லை. ஐ5-1235யூ 2022இல் வந்தது. ரைசன் 5 7530யூ 2023இல் வந்திருந்தாலும், அதனுள்ளே இருப்பது 2020ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான சென் 3 என்ற வடிவமைப்பு. ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை என்று பார்த்தால் இன்டெல்லின் பெரிய கோர் அதைவிட முன்னே நிற்கிறது. ஆகவே ஒரு கோரை மட்டும் பயன்படுத்தும் சிறு வேலைகளில், அதாவது ஒரு கோப்பைத் திறப்பது, இணையப் பக்கம் ஒன்றை விரிப்பது, எக்செல் தாளில் ஒரு சூத்திரத்தை ஓடவிடுவது போன்றவற்றில், இன்டெல் சற்று வேகமாக இருக்கும். கையில் வைத்துப் பழகும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கடிகாரம் வைத்து அளந்தால் தெரியும்.

இனி உங்கள் அண்ணன் மகன் காட்டிய பட்டியல். இரண்டு புரொசெசர்களும் 15 வோட் என்றுதான் தாளில் எழுதியிருக்கும். ஆனால் 15 வோட் என்பது நீண்ட நேர வேலைக்கான அளவு. கனமான வேலையொன்று தொடங்கியதும், முதல் அரை நிமிடமளவுக்கு ஐ5-1235யூ 55 வோட் வரை மின்சாரத்தை இழுத்துக்கொள்ள இன்டெல் அனுமதிக்கிறது. அதன் பின்னர், கணினியைத் தயாரித்தவர் எந்த எல்லையை நிர்ணயித்திருக்கிறாரோ அந்த எல்லைக்கு அது இறங்கிவிட வேண்டும். அந்த எல்லை மெல்லிய கணினியில் 15 வோட்டாக இருக்கலாம், நல்ல விசிறியும் தடித்த செப்புக் குழாயும் உள்ள கணினியில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ரைசனும் தொடக்கத்தில் தன் எல்லையைத் தாண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் அதன் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரிதல்ல.

நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு சொல்வதானால், இது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கணக்கைப் போன்றது. காலை நிறுவையில் ஒருவர் கூடை நிறையக் கொண்டுவந்து முன்னுக்கு நிற்பார். வெயில் ஏறிய பிறகு கை தளர்ந்துவிடும். இன்னொருவர் காலையில் அவ்வளவு காட்டமாட்டார். ஆனால் அந்தி நிறுவை வரைக்கும் ஒரே சீராக எடுத்துக்கொண்டிருப்பார். மொத்தக் கிலோவை மட்டும் பார்ப்பவருக்கும் காலை நிறுவையை மட்டும் பார்ப்பவருக்கும் ஒரே ஆளைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் ஏற்படும்.

கணினியின் வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் சோதனைகளிலும் இதே பிரச்சினைதான். கீக்பெஞ்ச் என்ற சோதனை சிறு சிறு வேலைகளை இடைவெளி விட்டுக் கொடுக்கிறது. புரொசெசர் சூடேறுவதற்குள் ஒவ்வொன்றும் முடிந்துவிடும். அது காலை நிறுவை. சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனையோ, முப்பரிமாணக் காட்சியொன்றை எல்லாக் கோர்களையும் கொண்டு திரும்பத் திரும்பப் பத்து நிமிடம் வரைகிறது. அது அந்தி நிறுவை. பாஸ்மார்க் பட்டியலில் காணும் எண், உலகெங்கும் பலர் தத்தமது கணினிகளில் ஓட்டிப் பதிவேற்றிய முடிவுகளின் சராசரி. அதற்குள் நல்ல விசிறியுள்ள கணினியும் இருக்கும், தூசி அடைத்த கணினியும் இருக்கும். அப்பட்டியலில் ஒன்று மற்றதைவிடச் சில நூறு புள்ளி முன்னே நிற்பதை வைத்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பணத்தைக் கொடுக்கும் முடிவை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சமமான மின் எல்லையில் இரண்டையும் நீண்ட நேரம் உழைக்கவிட்டால், ஆறு பெரிய கோர்களையும் 16 எம்பி கேஷ் நினைவகத்தையும் கொண்ட ரைசன், இரண்டு பெரிய கோர்களையும் 12 எம்பி கேஷையும் கொண்ட இன்டெல்லை முந்துவது வழக்கம். (கேஷ் என்பதைப் பதுக்கு நினைவகம் என்றும் சொல்வார்கள், அடிக்கடி தேவைப்படும் தரவைப் புரொசெசர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம் அது.) ஆனால் அதே ஐ5-1235யூவைத் தடித்த உடலும் நல்ல விசிறியும் கொண்ட கணினியொன்றில் வைத்தால் நிலைமை மாறிவிடும். இதே புரொசெசர் உள்ள இரண்டு கணினிகளை ஒரு நண்பரின் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றவிட்டுப் பார்த்திருக்கிறேன். அழகாக, மெல்லியதாக, விலை கூடியதாக இருந்தது பின்னால் முடித்தது. கடைக்கு வந்த ஒருவர் அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார் என்பது வேறு கதை.

உங்கள் மகளின் வேலைக்கு வருவோம். பொறியியல் மாணவிக்கு இரண்டு வகையான வேலையும் இருக்கும். ஆட்டோகேட்டில் இரு பரிமாண வரைபடம் வரைவதும், சொலிட்வேர்க்ஸில் ஒரு பாகத்தைத் திருத்தி மீண்டும் கட்டமைப்பதும் பெரும்பாலும் ஒரு கோரை நம்பியே நடக்கின்றன. அங்கே இன்டெல்லுக்குச் சிறு அனுகூலம். நீண்ட கணக்கீடுகள், விசையும் வெப்பமும் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்கும் உருவகப்படுத்தல்கள், பெரிய நிரலைத் தொகுத்தல், முப்பரிமாணப் படத்தைக் கணித்து வரைதல் ஆகியவற்றுக்கு எல்லாக் கோர்களும் தேவை. அங்கே ரைசனுக்கு அனுகூலம். முதலாம் ஆண்டில் முதல் வகையும், இறுதியாண்டுச் செயற்றிட்டம் வரும்போது இரண்டாம் வகையும் கூடுதலாக இருக்கும் என்பது என் அனுபவம்.

ஆனால், டீச்சர், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது புரொசெசர் அல்ல. அந்த 8 ஜிபி ரேம். இரண்டிலும் அது ஒரே துண்டாகச் செருகப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரு துண்டு மட்டும் இருந்தால், புரொசெசருக்கும் நினைவகத்துக்கும் இடையே விநாடிக்கு 25.6 ஜிபி தரவுதான் போய்வர முடியும். இரண்டு துண்டுகள் இருந்தால் இரண்டு வாய்க்கால்கள் திறந்து அது 51.2 ஜிபி ஆகிறது. இந்த இரண்டு புரொசெசர்களிலும் தனியான கிராஃபிக்ஸ் நினைவகம் கிடையாது. திரையில் படத்தை வரைவதும் இதே ரேமைப் பகிர்ந்துகொண்டுதான். ஆகையால் ஒற்றைத் துண்டு ரேமில் முப்பரிமாண வரைபடத்தைச் சுழற்றும்போது தட்டுத்தடுமாறும். இன்டெல்லே இதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது: ஐ5-1235யூவில் ரேம் இரண்டு வாய்க்காலாக இருந்தால்தான் கிராஃபிக்ஸின் பெயர் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று காட்டும், ஒன்றாக இருந்தால் வெறும் ‘யூஎச்டி கிராஃபிக்ஸ்’ என்றே காட்டும். பெட்டியில் ஐரிஸ் என்று ஒட்டியிருந்தாலும் அப்படித்தான்.

எனவே கடைக்கு மீண்டும் போகும்போது இவற்றைச் செய்யுங்கள். கணினியை இயக்கச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரி என்பதைத் தட்டினால், இரண்டு ரேம் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பது பெரும்பாலும் தெரியும். ரேம் பலகையோடு ஒட்டப்பட்டு, இன்னொன்றைச் செருக இடமே இல்லாத கணினியாக இருந்தால், புரொசெசர் எதுவாயினும் வாங்க வேண்டாம். இடம் இருந்தால், இன்னொரு 8 ஜிபி துண்டை அங்கேயே போடச் சொல்லுங்கள். அதன் பின்னர் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே டாஸ்க் மனேஜரில் கிகாஹேர்ட்ஸ் எண் எவ்வளவில் வந்து நிற்கிறது என்றும், விசிறியின் சத்தம் நூலகத்தில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். மின்கலத்தில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கணினிகள் பல உண்டு. இதற்குச் சம்மதிக்காத கடையில் இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்கத் தேவையில்லை.

இரண்டிலும் ரேம் கூட்ட இடமிருந்து, இரண்டின் உடலமைப்பும் ஒரே தரமானால், நான் ரைசன் 5 7530யூவையே எடுப்பேன். நான்கு வருடப் படிப்பில் கடைசி இரண்டு வருடங்களை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறேன். காணொளி தொகுப்பது மகளுக்குப் பொழுதுபோக்கு என்றால் இன்டெல். அதற்கென்றே தனி மின்சுற்று அதில் நன்றாக அமைந்திருக்கிறது.

கேள்வி: பண்டாரவளையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படம் எடுப்பது, இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது, ஸ்கேன், பிரின்ட் இவைதான் வேலை. பழைய கணினிக்குப் பதிலாக ஒன்று வாங்க வேண்டும். ரைசன் 5 5500யூ உள்ளதொன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் 7520யூ அதைவிட இரண்டு தலைமுறை புதியது, 5000த்தைவிட 7000 பெரிதுதானே என்கிறார்கள். சரியா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை. ஏஎம்டியின் இந்த எண்களைப் படிக்கத் தெரியாமல் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவ்வளவு குழப்பமாக வைத்திருக்கிறார்கள்.

ஏஎம்டி 2022 செப்டெம்பரில் அறிவித்த பெயரிடும் முறையில், நான்கு இலக்கங்களுள் முதலாவது, அது எந்த வருட விற்பனைக்கு உரியது என்பதைக் காட்டுகிறது. 7 என்றால் 2023. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எது என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520யூவில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது சென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு. மேலே ஆசிரியைக்குச் சொன்ன 7530யூவில் அது 3. அதாவது சென் 3. அதே இடத்தில் 4 இருந்தால் சென் 4. ஆகவே 7520, 7530, 7540 என்பவை பத்துப் பத்தாகக் கூடும் மூன்று படிகள்போலத் தோன்றினாலும், உண்மையில் அவை மூன்று வெவ்வேறு காலத்து வடிவமைப்புகள்.

5500யூ இந்த முறைக்கு முன்னர், 2021இல் வந்தது. அதுவும் சென் 2தான். ஆனால் அதில் ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட், 8 எம்பி எல்3 கேஷ். 7520யூவில் நான்கு கோர்கள், எட்டுத் திரெட், 4 எம்பி எல்3 கேஷ். கிராஃபிக்ஸ் பகுதியை எடுத்தால் முந்தியதில் ஏழு அலகுகள், பிந்தியதில் இரண்டே அலகுகள். பிந்தியதற்கு உச்ச வேகம் 4.3 கிகாஹேர்ட்ஸ், முந்தியதற்கு 4.0 என்பதால், ஒரு கோர் வேலைகளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக நிற்கலாம். போட்டோஷொப், பத்துப் பன்னிரண்டு இணையப் பக்கங்கள், பின்னணியில் ஸ்கேனர் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்திருக்கும் உங்கள் கடைக்கு 5500யூதான் பொருந்தும்.

7520யூவுக்கும் ஒரு நியாயம் உண்டு. அது சூடேறாது, மின்கலம் நீண்ட நேரம் நிற்கும். பாடக்குறிப்பு எழுதுபவருக்கும் காணொளி வகுப்புப் பார்ப்பவருக்கும் போதும். ஆனால் அது எல்பிடிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும். அந்த ரேம் பலகையோடு ஒட்டியே வருகிறது. 8 ஜிபி உள்ளதை வாங்கினால் கடைசிவரைக்கும் 8 ஜிபிதான்.

இன்டெல்லும் இதில் சுத்தமில்லை. 2024இல் ‘ஐ’ என்ற எழுத்தை விட்டுவிட்டு ‘கோர் 5 120யூ’ என்று புதுப் பெயரில் வந்தது, முந்தைய வருடத்து ஐ5-1335யூவின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது; கோர் எண்ணிக்கையும் அதே பத்து, திரெட்டும் அதே பன்னிரண்டு.

கேள்வி: நான் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன். அப்பா தோட்டத்தில் வேலை செய்கிறார். புதுக் கணினி வாங்க வசதி இல்லை. கண்டியில் பாவித்த மடிக்கணினிகள் விற்கும் கடையில் ஐ7-7500யூ ஒன்றும், ஐ5-8250யூ ஒன்றும் ஒரே விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். ஐ5ஐவிட ஐ7 பெரிது என்பதால் ஐ7ஐ எடுக்கலாம் என்று மாமா சொல்கிறார். எடுக்கலாமா?
— மாணவன், மஸ்கெலியா

பதில்: எடுக்க வேண்டாம், தம்பி. மாமாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் சொல்வது ஒரே வருடத்தில் வந்த புரொசெசர்களுக்கு ஓரளவு பொருந்தும், வெவ்வேறு வருடத்துக்குப் பொருந்தாது.

ஐ7-7500யூ 2016இல் வந்தது. ஐ7 என்ற பெயரைக் கேட்டு அசந்துவிட வேண்டாம். உள்ளே இருப்பவை இரண்டே கோர்கள், நான்கு திரெட். அக்காலத்தில் மெல்லிய மடிக்கணினிகளுக்கு இன்டெல் கொடுத்த யூ வகையில் ஐ3, ஐ5, ஐ7 ஆகிய மூன்றுமே பொதுவாக இரண்டு கோர்களோடுதான் வந்தன. அடுத்த வருடம், 2017இல், எட்டாம் தலைமுறை வந்தபோது அதே 15 வோட்டுக்குள் கோர்களை இரட்டிப்பாக்கினார்கள். ஐ5-8250யூவில் நான்கு கோர்கள், எட்டுத் திரெட், 6 எம்பி கேஷ். உச்ச வேகம் ஐ7-7500யூவுக்கு 3.5 கிகாஹேர்ட்ஸ், இதற்கு 3.4; அந்த ஒரு பத்தில் ஒன்றை மறந்துவிடலாம். தாளில் அடிப்படை வேகம் முந்தியதற்கு 2.7 என்றும் பிந்தியதற்கு 1.6 என்றும் இருப்பதைக் கண்டு பயப்படுவீர்கள். எல்லாக் கோர்களும் ஒன்றாக 15 வோட்டுக்குள் ஓட வேண்டியிருக்கும்போது உத்தரவாதம் தரப்படும் அளவு அது. நான்கு பேர் ஒரு சோற்றுப் பானையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஆளுக்குக் கிடைப்பது குறையத்தான் செய்யும், ஆனால் முடியும் வேலை கூடுதலாக இருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழமையான முறையில் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் முறைப்படி ஆதரிப்பது, இன்டெல்லைப் பொறுத்தவரை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஐ7-7500யூ அந்தப் பட்டியலில் இல்லை. கடையில் அதற்கும் விண்டோஸ் 11 போட்டுக் காட்டுவார்கள். குறுக்கு வழியில் போட முடியும் என்பது உண்மைதான், ஆனால் பின்னர் வரும் மேம்படுத்தல்கள் ஒழுங்காக வரும் என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. லினக்ஸ் பழகத் தயார் என்றால் அந்தக் கவலை இல்லை. பைதன் நிரலாக்கமும் தரவுத்தளமும் அதில் நன்றாகவே நடக்கும்.

பாவித்த கணினியில் புரொசெசர் தேய்வதில்லை, மின்கலம் தேயும். விண்டோஸில் மின்கல அறிக்கையொன்றை எடுக்கும் வசதி இருக்கிறது. அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் முதலாவதின் பாதிக்குக் கீழே இருந்தால், புது மின்கலத்தின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் எத்தனை தடவை கரண்ட் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: நுவரெலியாவின் குளிரில் மடிக்கணினி சூடேறாது, ஆகவே கொழும்பில் ஓடுவதைவிட இங்கே அதே புரொசெசர் வேகமாக ஓடும் என்று நண்பர்களிடையே ஒரு வாதம். உண்மையா, வேடிக்கையா?
— வங்கி உத்தியோகத்தர், நுவரெலியா

பதில்: பாதி உண்மை, அந்தப் பாதியும் சுவையானது.

புரொசெசரின் வெப்பத்தை விசிறி வெளியே தள்ளும்போது, உள்ளே இழுக்கும் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. கொழும்பில் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. உங்கள் ஊரில் 16 பாகை அளவு. வேறொன்றும் மாறாவிட்டால், உள்ளே புரொசெசரின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதே பன்னிரண்டு பாகை குறைந்திருக்க வேண்டும். ஆனால் இன்னொன்றும் மாறுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று, கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது தள்ளும் காற்றின் நிறை குறைவு, அது தூக்கிச் செல்லும் வெப்பமும் குறைவு. குளிரால் கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதியை உயரம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் சில பாகைகள், பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட கனமான வேலையில் மட்டும் சிறு முன்னேற்றமாகத் தெரியலாம். கடிதம் அடிக்கும்போது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

உயரம் கணினிக்குக் கேடு என்றும் யாரேனும் சொல்லியிருப்பார்கள். மடிக்கணினிகள் பலவற்றின் கையேட்டில் 3,000 மீற்றர் உயரம் வரை இயக்கலாம் என்றிருக்கும். நமது பீதுருதாலகாலை மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். எனவே இந்தத் தீவுக்குள் எங்கே கொண்டு போனாலும் பயமில்லை. குளிர் காலத்தில் மடிக்கணினியைக் கம்பளியின் மேல் வைத்து வேலை செய்யும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அடிப்பக்கத்துக் காற்றுத் துவாரங்கள் அடைபட்டால் நுவரெலியாவும் ஒன்றுதான், அநுராதபுரமும் ஒன்றுதான்.

கேள்வி: தலவாக்கலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். அலுவலக மடிக்கணினியில் ஐ3-8130யூ, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். சம்பளக் கணக்கைத் திறக்கவே தேநீர் குடித்து முடிக்கும் நேரமாகிறது. ஐ5க்கு மாறச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப்போகிறேன். எந்த ஐ5 என்று எழுதுவது?
— வாசகி, தலவாக்கலை

பதில்: எழுதுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கவனியுங்கள். அதனுள்ளே சுழலும் தட்டில் ஊசிமுனை போன்ற ஒன்று ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடிப் போய்ச் சேர ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரம் எடுக்கிறது. சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு விரைவாக எடுத்துக் கொடுத்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுகின்றன என்பதால், உங்கள் புரொசெசர் பெரும்பாலான நேரம் கைகட்டிக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. டாஸ்க் மனேஜரில் டிஸ்க் என்பதற்குக் காட்டும் எண் நூறு வீதத்திலேயே நின்றுகொண்டிருந்தால் அதுவே அத்தாட்சி.

ஐ3-8130யூ உங்கள் எக்செல் கணக்குக்குப் போதுமானது. விண்டோஸ் 11இன் பட்டியலிலும் அது இருக்கிறது. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், ரேமை 8 ஜிபியாக்க இன்னொரு 4 ஜிபி துண்டும் கேட்டு எழுதுங்கள். புதுக் கணினியின் விலையோடு ஒப்பிட்டால் மேலிடம் மறுக்காது. மாற்றுவதற்கு முன் சம்பளக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். அதைச் சம்பள வாரத்தில் செய்ய வேண்டாம்.